அரை ஏக்கர் பார்க்கிங் போடுறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் வாசல்ல நில்லுங்க

தம்பி கேட்டிருக்கிறது சுருக்கமா இதுதான்: ராமநாதபுரம் மாவட்டத்துல கீழக்கரை தாண்டி கிழக்கு கடற்கரை சாலையை ஒட்டி 3 ஏக்கர்ல ஊர் விளையாட்டு மைதானம் இருக்கு. வாலிபால் கோர்ட் ஒண்ணு, கபடி களம் ஒண்ணு, மிச்ச இடத்துல கிரிக்கெட்டும் ஃபுட்பாலும் மாத்தி மாத்தி. ரோடு மேடு, மைதானம் ஒன்றரை அடி பள்ளம், இறங்குற இடம் முழுக்க மணல். இப்ப கொஞ்சம் நிதி வரப்போற மாதிரி தெரியுது, கிழக்குப் பக்கம் அரை ஏக்கரை எடுத்து பேவர் பிளாக் போட்டு பார்க்கிங் ஆக்கிடலாம், சுத்தி நடைபாதை போட்டுடலாம்னு ஊர்ல பேசுறாய்ங்க. வண்டியெல்லாம் ரோட்டு மேலயே நிக்குது, வயசானவங்களும் மாற்றுத்திறனாளிகளும் உள்ள வரவே சிரமப்படுறாங்க, எப்படிப் பண்ணினா உருப்படியா இருக்கும்?

நான் 30 வருஷத்துக்கு மேல சிவில் வேலையில சூப்பர்வைசரா இருந்தவன். மண்டபத்துல இருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரமா ரோடு, பள்ளிக்கூட காம்பவுண்டு, மைதானம்னு நிறைய பாத்தாச்சு, அதுல பாதி வீணாப்போனதையும் பாத்தாச்சு, வீணாப்போனதுல ஒண்ணு நான் நின்னு போட்டதுதான், அதையும் சொல்றேன். கொஞ்சம் நீளமா வரும், டீயை வச்சுக்கிட்டு படிங்க.

மொதல்ல அரை ஏக்கர் கணக்கை எடுத்துக்குவோம். அரை ஏக்கர்னா 50 சென்ட், சுமார் 2,000 சதுர மீட்டர். ஒரு பைக் நிக்க 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம் போதும், எதிர் எதிரா ரெண்டு வரிசை போட்டு நடுவுல உருட்டிட்டு வர 2 மீட்டர் வழி விட்டீங்கன்னா ஒரு பைக்குக்கு 3 சதுர மீட்டர்தான் விழுது. காருக்கு 2.5க்கு 5 மீட்டர், திரும்புற வழியையும் சேத்து 25 சதுர மீட்டர்னு வச்சுக்கங்க. உங்க மைதானத்துக்கு சாதாரண நாள்ல எத்தனை வண்டி வரும்? 60 பைக், 5 கார்னு தாராளமாவே வச்சாலும் 180ம் 125ம் சேந்து 305 சதுர மீட்டர், ஏழரை சென்ட்டு. டோர்னமெண்ட் பைனல் அன்னைக்கு 300 பைக் வந்தாக்கூட 900 சதுர மீட்டர், சுமார் 22 சென்ட்டுல அடங்கிடும், அதுவும் வருஷத்துல எத்தனை நாளு? அந்த நாலஞ்சு நாளுக்காக வருஷம் பூரா 50 சென்ட்டை கல்லைப் போட்டு மூடி வச்சா சின்னப் பசங்க பந்து அடிக்கிற இடம்தான் போகும், அதோட மத்தியானம் அந்தக் கல்லு கொதிக்கிற கொதியில ஒரு வண்டியும் அங்க நிக்காது, மறுபடி ரோட்டோர மரத்தடிக்குத்தான் வரும்.

அப்ப இப்ப ஏன் வண்டி ரோட்டுல நிக்குது? மைதானத்துக்குள்ள இடம் இல்லாமயா, 3 ஏக்கர் கெடக்கு. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு. ரோட்டுக்கு ஒவ்வொரு தடவை புதுசா தார் போடும்போதும் அது கொஞ்சம் ஏறுது, மைதானம் அப்படியே இருக்கு, இப்ப ஒன்றரை அடி பள்ளம். அந்தப் பள்ளத்துல மணல்ல பைக்கை இறக்கினா முன்சக்கரம் புதையுது, சைடு ஸ்டாண்ட் போட்டா அது ஒரு பக்கம் புதைஞ்சு வண்டி சாயுது, ஸ்டாண்டுக்கு அடியில வைக்க ஒரு பனமட்டைத் துண்டையோ ஓட்டாஞ்சல்லியையோ தேடணும், திரும்பி ஏத்துறதுக்கு பின்னாடி ஒருத்தன் தள்ளணும். இத்தனை பாட்டுக்கு எவன் இறக்குவான்? ரோட்டுலயே விட்டுட்டு குதிச்சு உள்ள போயிடுறாய்ங்க. குதிக்க முடியாதவங்க வெளியவே நிக்கிறாங்க. ஆக உங்களுக்கு இருக்கிற ரெண்டு பிரச்சனையும் ஒரே இடத்துல இருந்துதான் வருது, ரோட்டுல இருந்து வாசல் வழியா உள்ள இறங்குற அந்த 30, 40 அடி. காசு வந்தா மொதக் காசு அங்கதான் போகணும்.

இதை நான் சொல்றேன்னு நம்ப வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கிட்டு சாயங்காலம் நாலரையில இருந்து ஏழு வரைக்கும் வாசல்ல உக்காந்து எண்ணுங்க. பைக் எத்தனை, சைக்கிள் எத்தனை, நடந்து வந்தவங்க எத்தனை, அதுல பொம்பளைங்க எத்தனை, வாசல் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போனவங்க எத்தனை. கடைசிக் கணக்குதான் முக்கியம், அதை எவனும் எடுக்க மாட்டான். ஒரு சாதாரண நாள், ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரு தடவை தடைக்காலத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, அப்பத்தான் ஊர்ல எல்லா ஆம்பளையும் கரையில இருப்பான், டோர்னமெண்ட்டும் அப்பத்தான் நடக்கும், குட்டியானை வண்டியில டீம் டீமா வந்து இறங்குவாய்ங்க. உங்க மைதானம் தாங்க வேண்டிய அதிகபட்ச கூட்டம் அதுதான்.

இப்ப இறங்குற சரிவு. சர்க்கார் விதிப்படி சாய்தளத்துக்கு அதிகபட்ச சரிவு 1:12, அதாவது ஒரு அடி இறங்க 12 அடி நீளம். உங்க ஒன்றரை அடிக்கு 18 அடி வரும், ரெண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி போட்டே ஆகணும். நான் என்ன சொல்றேன்னா 1:20 போடுங்க, 30 அடி ஆகும். இடம்தான் இருக்கே. 1:20ல அது சாய்தளம்ங்கிற கணக்குல இருந்து சாதாரண சரிவுப் பாதைங்கிற கணக்குக்கு வந்துடும், கைப்பிடிக் கம்பி கட்டாயம் இருக்காது. கம்பி இல்லைன்னா துருவும் இல்ல. நம்ம கடல் காத்துக்கு சாதா இரும்புக் கம்பி நாலஞ்சு வருஷத்துல அப்பளம் மாதிரி உரிய ஆரம்பிச்சிடும், அப்புறம் அந்தத் துருப்பிடிச்ச கம்பியை ஒரு பாட்டி நம்பிப் பிடிச்சு சாஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுக்கங்க. 30 அடியையும் நேரா மைதானத்துக்குள்ள நீட்ட வேண்டியதில்ல, வேலி ஓரமா திருப்பி விட்டா விளையாடுற இடம் ஒரு அடிகூட போகாது. மேலயும் கீழயும் அஞ்சஞ்சு அடி சமதளம் விட்டுடுங்க, குறிப்பா மேல. மூணு சக்கர வண்டியை கையால சுத்தி ஏறி வர்றவர் மேல வந்து ஒரு நிமிஷம் நின்னு மூச்சு வாங்கணும், அதுக்கு இடம் இல்லைன்னா ஒண்ணு பின்னாடி உருளுவார், இல்ல நேரா போற பஸ்ஸுக்கு முன்னாடி போய் நிப்பார். ரோட்டு ஓரம் நெடுஞ்சாலைத் துறை இடம், அதுல ஒரு கல் வைக்கணும்னாலும் அவங்க அனுமதி வேணும், அதனால சரிவு முழுசையும் மைதான எல்லைக்குள்ளயே முடிக்கப் பாருங்க.

ஐப்பசி கார்த்திகையில ரோட்டுத் தண்ணி பூரா அந்தச் சரிவு வழியா மைதானத்துக்குள்ளதான் இறங்கப் பாக்கும். மேல சமதளத்தை பக்கவாட்டுல 1:50 சரிச்சு விட்டீங்கன்னா தண்ணி ஓரமா ஓடிடும். குறுக்க வாய்க்கால் வெட்டி மேல கம்பி ஜாலி போடுறேன்னு கான்ட்ராக்டர் சொல்லுவார், ஒத்துக்காதீங்க. அந்தக் கம்பிச் சந்து அரை இஞ்சுக்கு மேல இருந்தா வீல் சேர் முன்னாடி சின்னச் சக்கரம் அதுல மாட்டி ஆள் குப்புற விழுந்துடுவார், ஊன்றுகோல் முனையும் உள்ள போகும்.

வாசல் கேட்டுக்கு வர்றேன், இதுல எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கு. எங்க மச்சான் ஒருத்தருக்கு சின்ன வயசுல போலியோ, கையால சுத்துற மூணு சக்கர வண்டிதான். வாலிபால் பைத்தியம். நாப்பது வருஷமா சுத்துப்பட்டு ஊர்ல எங்க மேட்ச் நடந்தாலும் ஸ்கோர் டேபிள்ல அவர்தான், சர்வீஸ் கோட்டை மிதிச்சா கொடி தூக்குறதுக்கு முன்னாடி இவர் கத்துவார். ஒரு தடைக்காலத்துல பக்கத்து ஊர் டோர்னமெண்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன், அந்த வருஷம்தான் மைதானத்துக்குப் புதுசா வேலி போட்டிருந்தாய்ங்க, ஆடு மாடு வரக்கூடாதுன்னு வாசல்ல வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி இரும்புக் கம்பி நட்டு ஒரு வழி. ஆள் ஒருக்களிச்சு நுழையலாம். வண்டி நுழையாது. பெரிய கேட்டுக்குப் பூட்டு, சாவி வச்சிருந்த ஆள் மதுரைக்குப் போயிட்டாராம். தூக்கிட்டுப் போறேன்னு நாலு பேர் வந்தாய்ங்க, அவர் வேண்டாம்னுட்டார். பந்து வெளிய போகாம இருக்க வேலி மேல பழைய வலையைக் கட்டியிருந்தாய்ங்க, அந்த வலைக்கண்ணு வழியா, ரோட்டோரத்துல வண்டியில உக்காந்தபடியே மூணு செட்டும் பாத்தார். வர்ற வழியில ஒரு வார்த்தை பேசல. அந்த கேட்டு போட்டவங்க யாரும் கெட்டவங்க இல்ல தம்பி, ஆட்டை மனசுல வச்சு போட்டாங்க, அவ்வளவுதான்.

அதனால ஆளு போற வழி சுத்தமா 4 அடி இருக்கணும், டேப் வச்சு அளந்து 4 அடி, கேட்டு கொண்டி கீலெல்லாம் போக 4 அடி. அதுவும் நேரா, வளைவு இல்லாம. சக்கரம் இணைச்ச ஸ்கூட்டர்ல வர்றவங்களுக்கு 4 அடி பத்துமான்னு உங்க ஊர்ல இருக்கிற வண்டியையே கொண்டு வந்து நிறுத்திப் பாத்துக்கங்க, சில வண்டிக்கு சக்கரம் கூடுதலா வெளிய தள்ளி இருக்கும். ஆடு வராம இருக்கணும்னா தானா சாத்திக்கிற லேசான கதவு போடுங்க. ஸ்பிரிங் கீல் கடல் காத்துக்கு ஒரு வருஷம்கூட வராது, அதுக்குப் பதிலா ஒரு கப்பி, ஒரு கயிறு, கயித்து முனையில ஒரு கல். கதவைத் தள்ளினா கல் மேல ஏறும், விட்டா கல் இறங்கி கதவு சாத்திக்கும். ஒத்தைக் கையால தள்ளுற பாரத்துக்குத்தான் கல் கட்டணும். கயிறும் முடிச்சும் பத்தி உங்க ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லித் தரப்போறதில்ல.

ஆனா ஒண்ணை ஒத்துக்கணும், வீல் சேர் நுழையுற எந்த வழியிலயும் பைக் நுழையும். பைக்கைத் தடுத்துக்கிட்டு வீல் சேரை மட்டும் விடுற கேட்டை நான் எங்கயும் பாக்கல. 3 அடிக்கு ஒரு கல்லுக்கால் நட்டு பைக்கைத் தடுத்துடுவோம்பாய்ங்க, ஹேண்டில் பாரே ரெண்டே முக்கால் அடிக்குள்ளதான் இருக்கும், வளைச்சு நெளிச்சு ஓட்டிட்டுப் போயிடுவான். பைக் உள்ள வராம இருக்கணும்னா வாசலுக்கு முன்னாடியே நிறுத்துறதுக்கு நல்ல இடம் இருக்கணும், அது ஒண்ணுதான் வழி. இது போக, பெரிய கேட்டு 12 அடி, 108 வண்டி வந்தா நேரா உள்ள போற மாதிரி, அதுக்கு எதிர்ல எந்த நாளும் எந்த வண்டியும் நிக்கக்கூடாது, சாவி ஒண்ணு டீக்கடையில தொங்கணும். மதுரைக்குப் போறவர்கிட்ட இருக்கக்கூடாது.

பார்க்கிங் எங்க? நீங்க கிழக்குப் பக்கம்னு சொன்னது இட அளவுலதான் தப்பு, திசையில தப்பு இல்ல. உங்க பக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். கச்சான் காத்து ஜூன்ல ஆரம்பிச்சா செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குல இருந்து மணலை வாரி அடிக்கும், அப்ப மேற்குலயோ தெற்குலயோ வண்டி நின்னா செயின்ல மணல், கார் கண்ணாடி பூரா கீறல். (தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இருக்கிறவங்க இதைப் படிச்சா அப்படியே எடுத்துக்காதீங்க, உங்களுக்கு வாடைக் காத்துதான் கணக்கு, அங்க மண்ணும் வேற, மழைக்கு சேறாகும்.) ஆனா கிரிக்கெட் பிட்ச் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்துக்கங்க, பேட்ஸ்மேன் தூக்கி அடிக்கிற நேர் திசையில காரை நிறுத்தி வச்சுட்டு அப்புறம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. வாலிபால், கபடி இருக்கிற பக்கத்து வேலி ஓரம்தான் காருக்கு நல்லது.

தரைக்கு பேவர் பிளாக் வேண்டாம். 15 சென்டிமீட்டர் கிராவல் கொட்டி, தண்ணி அடிச்சு, ரோலர் ஓட்டி இறுக்குங்க. பைக் வரிசைக்கு மட்டும் ஒரு காரியம் பண்ணுங்க, சைடு ஸ்டாண்ட் விழுகிற இடத்துல வரிசை நெடுக ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு கான்கிரீட் பட்டை. அவ்வளவுதான் செலவு. ஸ்டாண்ட் புதையாது, அதோட அந்தப் பட்டையைப் பாத்தாலே பசங்க தானா வரிசையா நிறுத்துவாய்ங்க, கோடு போட வேண்டியதே இல்ல. இதை ஒரு இடத்துல செஞ்சு பாத்திருக்கேன், போர்டு எழுதி வச்சதை விட நல்லா வேலை செஞ்சது.

மாற்றுத்திறனாளிக்கான இடம் குறைஞ்சது ரெண்டு வேணும், ஒண்ணு 3.6 மீட்டர் அகலம் 5 மீட்டர் நீளம், வாசல்ல இருந்து 30 மீட்டருக்குள்ள. அகலம் ஏன் அவ்வளவுன்னா கார் கதவைத் திறந்து பக்கத்துல வீல் சேரை வச்சு இறங்கணும், அது ரெண்டரை மீட்டர்ல முடியாது. இந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் கெட்டித் தரை, அங்க இருந்து வாசல் வரைக்கும் ஒரு படிகூட இல்லாத வழி. படம் வரைஞ்சு வைப்பீங்க, மேட்ச் அன்னைக்கு அங்கதான் மொத பைக் நிக்கும், இது எல்லா ஊர்லயும் நடக்குறது. அதனால டீக்கடைக்கோ ஸ்கோர் டேபிளுக்கோ நேர் எதிர்ல வைங்க, நாலு பேர் பாக்குற இடத்துல நிறுத்த கொஞ்சம் கூச்சப்படுவான்.

டோர்னமெண்ட் கூட்டத்துக்கு தனியா எதுவும் கட்டாதீங்க. காலி இடத்துல சுண்ணாம்புக் கோடு, முளைக்குச்சி, பழைய வலைக்கயிறு, வாசல்ல ரெண்டு பசங்க விசிலோட. முடிஞ்சதும் சுருட்டி வச்சுக்கலாம்.

நடைபாதை. இங்கதான் என் தப்பு வருது. மண்டபம் பக்கம் ஒரு இடத்துல மணல் மேல பேவர் பிளாக் நடைபாதை, நான்தான் சூப்பர்வைசர். அடியில கிராவல் போட்டோம், மேல மணல் விரிச்சோம், 60 மில்லிமீட்டர் கல்லு, பாக்க அம்புட்டு அழகு. ஓரத்துல அணைகல் போட எஸ்டிமேட்ல காசு பத்தல, மணல்தானே, ரெண்டு பக்கமும் மணலை அணைச்சு விட்டா போதும்னு விட்டுட்டேன். ரெண்டே கச்சான். ஓரத்து மணலைக் காத்து தின்னுடுச்சு, ஓரக் கல்லு வெளிய நகந்துச்சு, அது நகந்ததும் அடுத்த வரிசைக்குக் கீழ இருக்கிற மணல் வழியுது, மூணாவது வருஷம் அந்தப் பாதை அலை அலையா இருந்துச்சு, நடக்குறவங்க அதை விட்டு இறங்கி பக்கத்து மண்ணுல நடந்தாங்க. கல்லு ஒண்ணுகூட உடையல, அத்தனையும் ஓரம் இல்லாததால போச்சு. பேவர் போட்டே ஆகணும்னு உங்க ஊர்ல முடிவு பண்ணினா அணைகல்லை மொதல்ல புதைங்க, அதுக்கு அப்புறம் கல்லை விரிங்க, வண்டி ஏறுற இடம்னா 80 மில்லிமீட்டர்.

என்னைக் கேட்டா உங்க மைதானத்துக்கு ரெண்டு வகை பாதை போதும். வாசல்ல இருந்து வாலிபால் கோர்ட் ஓரம், கழிப்பறை, தண்ணிக் குழாய், பெஞ்ச்சு வரைக்கும் விடாம ஒரு கான்கிரீட் பாதை, 6 அடி அகலம். ரெண்டு வீல் சேர் எதிர் எதிரா வந்தா ஒதுங்கிப் போக அது தேவை. மொத்தமே 100 மீட்டர் வரும்னு நினைக்கிறேன். விடாமன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு, நான் பாத்த முக்காவாசி இடத்துல நல்ல பாதை கழிப்பறைக்கு பத்தடி முன்னாடி முடிஞ்சிடும், அப்புறம் ஒரு முக்காலடி படி. பாதை யாருக்காகப் போட்டாங்களோ அவங்களுக்குத்தான் அந்தப் படி ஏற முடியாது. சுத்தி வாக்கிங் போறவங்களுக்கு கிட்டத்தட்ட 400 மீட்டர் வரும், அதுக்கு இறுக்கின கிராவல் போதும், முட்டிக்கும் அதுதான் நல்லது, நூறடிக்கு ஒரு பெஞ்ச்சு போடுங்க.

அந்த கான்கிரீட்டுக்கு 4 இஞ்சு கனம், கம்பி வேண்டாம், 8 அடிக்கு ஒரு ஜாயிண்ட் வெட்டி விடுங்க, இல்லைன்னா அதுவா இஷ்டத்துக்கு வெடிக்கும். மேல தென்னந்துடைப்பத்தால குறுக்க கோடு இழுத்து விட்டா மழையில வழுக்காது. பளபளன்னு டைல்ஸ் ஒட்டுறேன்னு யாராவது வந்தா தயவு செஞ்சு அனுப்பிடுங்க, மழைத்தண்ணியும் கொஞ்சம் மணலும் அது மேல சேந்தா சறுக்குமரம்தான். பார்வையில்லாதவங்களுக்கு ஒரு அடிக்கு ஒரு அடி வழிகாட்டி டைல்ஸ் இருக்கு, கோடு போட்டது நேரா போன்னு சொல்லும், புள்ளி வச்சது நில்லுன்னு சொல்லும், இதை மாத்தி ஒட்டி வச்சிருக்கிற இடங்களும் இருக்கு, மேஸ்திரிகிட்ட மொதல்லயே சொல்லிக் குடுங்க.

தண்ணி விஷயம் நம்ம மாவட்டத்துல பெருசு. போர் போட்டா உப்பு, எல்லாருக்கும் தெரியும், ஆனா கான்கிரீட் கலக்கும்போது மட்டும் மறந்துடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கணக்குப்படி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு கலக்குற தண்ணியில குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிற உப்பு) லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் அதிகபட்சம், கம்பி இல்லாததுக்கு 2,000 வரைக்கும் தாங்கும். பாதைக்கு கம்பி வேண்டாம்னு நான் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். கேட்டுத் தூண், விளக்குக் கம்பத்து அஸ்திவாரம் மாதிரி கம்பி போடுற இடத்துக்கு கண்டிப்பா நல்ல தண்ணி, டேங்கர் வாங்கியாவது. கடல் மணலை பக்கத்துலயே கெடக்குன்னு அள்ளிப் போட்டுக் கலக்குறதை நினைச்சுக்கூடப் பாக்காதீங்க. வேலையை ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள வச்சுக்கங்க, மழை விட்டிருக்கும், கச்சான் வந்திருக்காது, டோர்னமெண்ட்டுக்கு முன்னாடி காஞ்சிடும். கச்சான்ல கான்கிரீட் போட்டா மேல் ஈரத்தைக் காத்து உறிஞ்சிடும், மறுநாள் பாத்தா முகம் பூரா முடி மாதிரி வெடிப்பு.

மணல் வந்து பாதையை மூடுறதுக்கு ஒரே மருந்து பனமட்டை வேலிதான், ஆனா அதை வைக்கிற இடத்துலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. பாதைக்குப் பக்கத்துலயே கட்டுவாங்க. வேலி காத்தோட வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைஞ்சதும் காத்து மணலை வேலிக்குப் பின்னாடி கீழ போடும், வேலி உயரத்தைப் போல சுமார் பத்து மடங்கு தூரத்துக்குள்ள. 4 அடி வேலின்னா 40 அடி. அப்ப பாதைக்குப் பக்கத்துல வேலி கட்டினா மணலைக் கூப்பிட்டு பாதை மேல கொட்டச் சொல்ற மாதிரி. பாதைக்குத் தென்மேற்கே 40 அடி தள்ளிக் கட்டணும். நெருக்கமாவும் கட்டக்கூடாது, பாதி மட்டை பாதி சந்து, காத்து கொஞ்சம் ஊடுருவிப் போகணும். சுவர் கட்டினா காத்து ஏறிக் குதிச்சு உள்ள சுழலும்.

நிழலுக்கு பூவரசு, புன்னை, வேம்பு. பூவரசங்கம்பை ஆடி முடிஞ்சு வெட்டி நட்டாலே வரும், உப்புக் காத்துக்கும் அசராது. உடைமரம் நம்ம ஊரு மரம், குடை மாதிரி அழகா நிக்கும், எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனா பார்க்கிங் பக்கத்துல வேண்டாம், ஒரு முள்ளு போதும் டியூப்பைத் தைக்க. பாதை ஓரத்துல சீமைக்கருவேலம் இருந்தா வேரோட எடுங்க. தென்னைக்கு அடியில காரை நிறுத்தினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா.

பொம்பளைங்க நடக்க வர்றதைப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கல, நானே சொல்றேன். விடியக்காலம் நடக்க வர்ற லாத்தாங்களையும் அக்காங்களையும் கேட்டுப் பாருங்க, அவங்க பாதை எப்படி இருக்குங்கிறதை விட, பசங்க பைக்கை நிறுத்திட்டு கூட்டமா உக்காந்திருக்கிற வாசல் வழியா போய் வரணுமேங்கிறதைத்தான் சொல்லுவாங்க. தெருப் பக்கமா ரெண்டாவதா ஒரு சின்ன வாசல் விடுங்க, அதுவும் 4 அடி. பாதை ரோட்டுல இருந்தும் வீட்டுல இருந்தும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஓடணும், புதருக்குப் பின்னாடி வளைஞ்சு போகக்கூடாது. விளக்கு பாதையில விழணும், கடலைப் பாத்து அடிக்கக்கூடாது. ஜனவரியில இருந்து பங்குனி வரைக்கும் பங்குனி ஆமை முட்டையிட கரையேறும், குஞ்சு வெளிச்சத்தைப் பாத்துத்தான் நகரும், கடலுக்குப் போக வேண்டியது மைதானத்துக்கு வந்துடும். விளக்குக்கு மேல ஒரு மூடி போட்டு கீழ திருப்பினா முடிஞ்சது.

இன்னொரு விஷயம், உங்க மைதானம் உயர் அலைக் கோட்டுல (அலை ஏறும்போது கடல் தண்ணி வந்து தொடுற எல்லை) இருந்து 500 மீட்டருக்குள்ள இருந்தா கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி வரும். பூங்காவும் விளையாட்டுத் திடலும் அதுல அனுமதிச்ச பட்டியல்லதான் இருக்கு, பயப்பட வேண்டாம், ஆனா கட்டடம்னு வந்தா கேக்கணும், மணல் மேட்டை வெட்டி சமப்படுத்துறது கூடவே கூடாது. எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி கலெக்டர் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்கங்க.

நிதியை எப்படித் திருப்பிவிடுறதுன்னா, கிராம சபைதான். இப்ப வருஷத்துக்கு ஆறு, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சும்மா போய் பார்க்கிங் வேண்டாம்னு கத்தினா நிதியைக் கெடுக்க வந்தவன்னுதான் சொல்லுவாங்க. உங்க நோட்டுக் கணக்கைக் கொண்டு போங்க, இத்தனை வண்டி, இத்தனை சென்ட்டு போதும், மிச்சக் காசுல சரிவு, வாசல், 100 மீட்டர் பாதைன்னு வரிசையா தீர்மானத்துல எழுதச் சொல்லுங்க. யாராவது சாய்தளம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு இழுத்தா, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கு, 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றமும் இந்த அணுகல் வசதியெல்லாம் விருப்பப்பட்டா செய்யலாம்ங்கிற வகை இல்ல, கட்டாய விதியா இருக்கணும்னு தீர்ப்பு சொல்லியிருக்கு, அதை மரியாதையா எடுத்துச் சொல்லுங்க. ஊர்ல மூணு சக்கர வண்டி வச்சிருக்கிறவர் ஒருத்தரையாவது கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, அவர் ரெண்டு வார்த்தை பேசினா நீங்க பேசுற பத்து நிமிஷத்துக்குச் சமம்.

இப்போதைக்கு மூணு அளவு எடுத்துப் போடுங்க: இப்ப இருக்கிற வாசல் அகலம், ரோட்டு மட்டத்துல இருந்து மைதான மட்டம் எத்தனை இஞ்சு பள்ளம்ங்கிறது மூணு இடத்துல (டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாருங்க, கண்ணால பாத்து சொல்லாதீங்க), வாசல்ல இருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி. அது கைக்கு வந்தா சரிவு எங்க திரும்பணும்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு படம் எடுத்து அனுப்புறேன், இன்ஜினியர்கிட்ட காட்டலாம்.